ஒன்பது டின் கிரேக்கம்

மகளிர் கல்லூரி, தேர்வு அலுவலகம்,
திருச்சிராப்பள்ளி,
10-7-1957

சங்கைக்குரிய அற்புதசாமி சுவாமி அவர்களுக்கு,

வணக்கம். நான் இக்கல்லூரியில் மூன்று ஆண்டுகளாகச் சரித்திர விரிவுரையாளராக இருக்கிறேன். சென்ற ஆண்டிலிருந்து தேர்வுக் கண்காணிப்பும் என் பொறுப்பு. தாங்கள் இங்கே ஆன்ம குருவாக இருந்தபோது குடியிருந்த சிறிய வீட்டை இப்போது தேர்வுத் தாள்கள் வைக்கும் அறையாக மாற்றுகிறோம். அதன் பரணில் ஒன்பது பிஸ்கட் டின்கள் இருந்தன. மூடிகளில் தங்கள் பெயர். உள்ளே 1936 முதல் 1939 வரை எங்கள் மாணவிகள் எழுதிய விடைத்தாள்கள். ஒவ்வொன்றும் நான்காக வெட்டப்பட்டிருந்தது.

பழைய விடைத்தாள்களை அழிக்கும்போது இத்தனை தாள் அழிக்கப்பட்டது என்று நான் சான்று எழுத வேண்டும். துண்டுகளுக்குச் சான்று எழுத முடியாது. ஆகவே கோடை விடுமுறையில் குமாஸ்தா பிச்சமுத்துவை அவற்றைச் சேர்க்கச் சொன்னேன். அவர் கையெழுத்தையும் அறுந்த வரிகளையும் பொருத்திப் பார்த்து, 903 தாள்களைப் பழையபடி முழுத்தாளாக்கிக் கெட்டிக் காகிதத்தில் ஒட்டியிருக்கிறார். பொறுமையான வேலை. மீதித் துண்டுகள் இன்னும் சேரவில்லை. சேர்ந்தாலும் சேராவிட்டாலும் இம்மாதம் 31ஆம் தேதி எல்லாவற்றையும் எரித்துவிடுவோம்.

விடைத்தாள்கள் தங்களிடம் எப்படி வந்தன, ஏன் வெட்டப்பட்டன என்று எழுதினால் கோப்பில் சேர்த்துக்கொள்வேன்.

தங்கள் உண்மையுள்ள,
எஸ். ரங்கநாயகி


சேசு மரி சூசை
மாதா கோவில், ஜீயபுரம்,
24-7-1957

அம்மா,

எரிக்காதீர்கள். இதை முதலில் எழுதிவிட்டு மற்றதை எழுதுகிறேன்.

உங்கள் கடிதம் வந்து பத்து நாளாகிறது. எனக்கு ஒரு கண் போய்விட்டது. இன்னொரு கண்ணுக்கு நல்ல வெயிலும் பூதக்கண்ணாடியும் வேண்டும். இத்தனை நாளும் மூட்டம். இன்றைக்குத்தான் படிக்க முடிந்தது.

ஒரு துண்டையாவது திருப்பிப் பார்த்தீர்களா?

யுத்த காலத்தில் காகிதம் கிடைக்கவில்லை. அப்போது கல்லூரித் தலைவியாக இருந்த மதர் என்னைக் கூப்பிட்டு, "சுவாமி, பொண்ணுங்க ஒரு பக்கந்தான் எழுதியிருக்காங்க. பின்பக்கம் உங்களுக்கு ஆகும், எடுத்துக்குங்க" என்று பழைய விடைத்தாள்களைக் கட்டுக்கட்டாகக் கொடுத்தார். அவற்றை நான்காக வெட்டிக்கொண்டேன். புதிய ஏற்பாடு எழுதப்பட்டது கிரேக்கத்தில். அதில் ஐயாயிரத்து நானூறு சொற்கள் இருக்கின்றன. சொல்லுக்கு ஒரு துண்டு. அந்தச் சொல் எந்தெந்த இடத்தில் வருகிறது, ஒவ்வோர் இடத்திலும் என்ன பொருளில் நிற்கிறது என்று பின்பக்கத்தில் குறித்துவைத்தேன். குறிப்பெல்லாம் லத்தீனில். 1942இல் ஆரம்பித்தேன். பதினைந்து வருஷம்.

தமிழ் இன்னும் போடவில்லை. ஒரு சொல் வரும் இடம் எல்லாவற்றையும் பார்த்து முடிக்காமல் அதற்குத் தமிழ் வைக்கக்கூடாது என்று ஒரு வைராக்கியம். எங்கள் கத்தோலிக்க ஜனங்களுக்கு வேதம் லத்தீன் வழியாகவோ இங்கிலீஷ் வழியாகவோதான் வந்துசேர்ந்திருக்கிறது. கிரேக்கத்திலிருந்து நேரே தமிழுக்கு ஓர் அகராதி இருந்தால் எனக்குப் பின்னால் வருகிறவன் நேர்வழியில் போவான்.

1953இல் என்னை இங்கே மாற்றினார்கள். இந்த வீட்டில் கறையான். அதனால் மதரிடம் சொல்லிவிட்டுத்தான் டின்களை அங்கே வைத்தேன். ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து பார்த்துவிட்டுத் திருப்பி வைப்பேன். பார்த்து முடித்தாயிற்று, இனித் தமிழ் போடலாம், வண்டி அனுப்பலாம் என்று இருந்த நேரத்தில் உங்கள் கடிதம். இருக்கிற கண்ணுக்கு ஒரு வருஷம் என்று டாக்டர் கணக்குச் சொல்கிறார்.

ஒட்டினார் என்று எழுதியிருக்கிறீர்களே, எந்தப் பக்கம் கீழே?

அற்புதசாமி


ஸ்ரீரங்கம்,
27-7-1957

சுவாமி அவர்களுக்கு,

தங்கள் பக்கம்தான் கீழே.

இன்று ஒரு தாளின் ஓரத்தைக் கத்தியால் கிளப்பினேன். துண்டு பாதியில் கிழிந்தது. கிழிந்த இடத்தில் சில கிரேக்க எழுத்துகளும் எண்களும் தெரிந்தன. பிச்சமுத்துவைக் கூப்பிட்டு, பின்பக்கத்தைப் பார்க்கவில்லையா என்று கேட்டேன்.

"பாத்தேங்கம்மா. பூரா கணக்கு. ஆல்ஃபா, பீட்டா, தீட்டா, பக்கத்துலயே நம்பர், நடுநடுவே இங்கிலீஷ் எழுத்து. எந்தம்பி பி.எஸ்ஸி. கணக்குங்க, அவன் நோட்டும் இப்படித்தான் இருக்கும். பொண்ணுங்க ரஃப் வொர்க் போட்டிருக்காங்கன்னு நெனச்சேன்."

"எங்கிட்ட ஏன் சொல்லலை?"

"சொன்னேங்களே. நீங்கதான் ரஃப் வொர்க்குக்கு மார்க் கெடையாது, ஒட்டுங்கன்னீங்க."

சொன்னது உண்மைதான். நான் சரித்திரம் படித்தவள். ஓர் ஆவணத்தின் பின்பக்கத்தைப் பார்க்காமல் முடிவுகட்டக் கூடாது என்று ஆண்டுதோறும் மாணவிகளுக்குச் சொல்கிறவள். குற்றம் பிச்சமுத்துவுடையதல்ல.

எரிப்பதை நிறுத்திவிட்டேன். ஒட்டப்பட்டவை 3,612 துண்டுகள். மீதி ஏறக்குறைய 1,800, வரிசை கலைந்து உதிரியாக இருக்கின்றன. ஒட்டியவற்றை நானே பிரித்துத் தருகிறேன். இதைத் தங்கள் நூலுக்காகச் செய்வதாக எண்ண வேண்டாம். ஒரு சொற்பட்டியலுக்கு ஒருவர் பதினைந்து ஆண்டுகள் கொடுப்பது எனக்கு விளங்கவில்லை. தங்கள் மதத்தில் எனக்கு நம்பிக்கை இல்லை. பிறந்த மதத்திலும் அதிகம் இல்லை. கெடுத்தது நான், சரிசெய்ய வேண்டியதும் நான். அவ்வளவுதான்.

எஸ். ரங்கநாயகி


சேசு மரி சூசை
ஜீயபுரம்,
1-8-1957

அம்மா,

கத்தியால் கிளப்பினீர்களா? இனிமேல் எதையும் தொடாதீர்கள்.

வீரமலை என்பவர் இந்தக் கடிதத்தோடு வருகிறார். வாழைத்தார் ஏற்றுகிற வண்டிதான், ஆனால் பத்திரமாக ஓட்டுவார். ஒட்டியது, ஒட்டாதது எல்லாவற்றையும் அவரிடம் கொடுத்துவிடுங்கள். இங்கே தொட்டித் தண்ணீரில் ஊறப்போட்டு நானே பிரித்துக்கொள்கிறேன். நம்பிக்கை இல்லாதவர் என்பதற்காகச் சொல்லவில்லை. என் பங்கு விசுவாசிகள் இதைச் செய்திருந்தாலும் இப்படித்தான் எழுதியிருப்பேன். பதினைந்து வருஷமாக அந்தத் துண்டுகளை என்னைத் தவிர யாரும் தொட்டதில்லை. தொட்ட முதல் ஆள் பசை தடவிவிட்டார்.

விளங்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். விளங்கியே தீரவேண்டும் என்று உங்களுக்குக் கட்டாயம் ஒன்றும் இல்லை.

அற்புதசாமி


ஸ்ரீரங்கம்,
6-8-1957

சுவாமி அவர்களுக்கு,

வீரமலையிடம் மூன்று டின் கொடுத்தனுப்பினேன். அவை உதிரித் துண்டுகள். ஒட்டியவற்றைக் கொடுக்கவில்லை. அவர் வாசலில் நின்று வாதாடினார்.

"சாமி எல்லாத்தையும் ஏத்திக்கிட்டு வான்னாரு. மூணு டின்னோட போய் நின்னா நான் என்னன்னு சொல்றது?"

ரங்கநாயகி பிடிவாதக்காரி என்று சொல்லுங்கள் என்றேன்.

"அதச் சொல்லிப் பிரயோசனம் இல்லீங்கம்மா. அவரும் அப்படித்தான்" என்று சொல்லிவிட்டு மாட்டைத் திருப்பினார்.

கொடுக்காததற்குக் காரணம் எழுத வேண்டும். நான் கிழித்த துண்டையும், ஒட்டும்போதே ஓரம் கிழிந்துபோயிருந்த ஒன்பது துண்டுகளின் சிதறல்களையும் ஒரு கிண்ணத் தண்ணீரில் போட்டுப் பார்த்தேன். ஆறில் எழுத்து அப்படியே நின்றது. நான்கில் ஒரு நிமிடத்தில் எழுத்து போய்த் தண்ணீர் ஊதாவாகிவிட்டது. தாங்கள் தொட்டியில் ஊறப்போட்டிருந்தால் மூன்றில் ஒரு பங்கு நூல் காவேரிக்குப் போயிருக்கும்.

எம்.லிட். பட்டத்துக்காக நான்கு ஆண்டுகள் கோயில் கல்வெட்டுகளை மைப்படி எடுத்தவள் நான். நனைத்த தாளைக் கல்லில் ஒட்டி, தூரிகையால் அடித்து, மை ஒற்றி, கிழியாமல் உரிக்க வேண்டும். ஈரத்தாள் எப்போது பிரியும், எப்போது கிழியும் என்பது என் விரல்களுக்குத் தெரியும். கத்தியை எடுத்தது பதற்றத்தில். இனி எடுக்கமாட்டேன்.

எந்த ஆண்டு எந்த மையில் எழுதினீர்கள் என்று தெரிவிக்கவும். பசை மைதாவில், பூச்சி அரிக்காதிருக்க மயில்துத்தம் போட்டுக் காய்ச்சியது. கிரேக்க எழுத்துகளின் வரிசையையும் எழுதி அனுப்பவும். பிரித்தவற்றை அடுக்குவதற்கு அது வேண்டும்.

எஸ். ரங்கநாயகி


சேசு மரி சூசை
ஜீயபுரம்,
20-8-1957

அம்மா,

வீரமலை கொண்டுவந்த டின்களை மூன்று நாள் திறக்கவில்லை. கோபம். நான்காம் நாள் திறந்தேன். உதிரித் துண்டுகளைக் கட்டுக்கட்டாக நூலில் கட்டி, பூச்சி வராமல் இடையிடையே வசம்பு வைத்திருக்கிறீர்கள். எனக்குப் பதினைந்து வருஷத்தில் அது தோன்றவில்லை.

1945 வரை தூள் மை. கடைகளில் வேறு இல்லை. காய்ந்தால் ஊதா நிறம். அது தண்ணீர் பட்டால் நிற்காது. அதற்குப் பிறகு எழுதியது கறுநீலம், அது நிற்கும். எழுத்து வரிசையை ஒரு காலண்டர் தாளின் பின்பக்கம் பெரிதாக எழுதியிருக்கிறேன். என் கண்ணுக்காகப் பெரிதாக எழுதினேன், உங்கள் கண்ணைக் குறைத்து நினைக்கவில்லை.

போன கடிதத்தில் மரியாதைக் குறைவாக ஒன்று எழுதிவிட்டேன். பதில் சொல்கிறேன். குருப்பட்டம் வாங்கிய புதிதில் ஒரு கிராமத்தில் ஏழு வருஷம் இருந்தேன். வேதத்தில் உள்ள ஒரு வாக்கியத்தை வைத்து அந்த ஜனங்களைப் பயமுறுத்தியே பிரசங்கம் செய்வேன். நன்றாகப் பேசுவேன், பெண்கள் அழுவார்கள். பிறகு கிரேக்கம் படித்தேன். அந்த வாக்கியத்தில் அந்தப் பயமுறுத்தலே கிடையாது. யாரோ இடையில் சேர்த்தது. பஸ் ஏறி அந்த ஊருக்குப் போய், நான் சொன்னது தப்பு என்று பூசையில் சொன்னேன். யாருக்கும் அந்தப் பிரசங்கம் ஞாபகம் இல்லை. ஒரு கிழவர் மட்டும், "பரவால்லீங்க சாமி, நாங்க அப்பவும் பெருசா கேக்கலை" என்றார்.

அவர்களுக்கு ஞாபகம் இல்லை. எனக்கு இருந்தது. அதுதான் காரணம்.

அற்புதசாமி


ஸ்ரீரங்கம்,
15-12-1957

சுவாமி அவர்களுக்கு,

இதுவரை 1,240 துண்டுகள் பிரிந்திருக்கின்றன. கறுநீல மைத் துண்டுகளை ஈரத்துணிக்கிடையில் வைத்துப் பிரிக்கிறேன். ஊதா மைத் துண்டுகளுக்கு ஆவி. இட்லிக் கொப்பரையின் தட்டில் தாளை வைத்து இரண்டு நிமிடம் விட்டால் பசை இளகுகிறது, எழுத்து கரைவதில்லை. மூன்றாவது நிமிடம் ஆபத்து. 38 துண்டுகளை இழந்து இதைக் கற்றுக்கொண்டேன். இழந்தவற்றைத் தனி உறையில் வைத்திருக்கிறேன்.

நான் தம்பி குடும்பத்தோடு இருக்கிறேன். முதல் நாள் தம்பியின் மனைவி சமையலறை வாசலில் நின்றுகொண்டு, "அக்கா, பெருமாளுக்குத் தளிகை பண்ற பாத்திரத்துல பரங்கிப் பாஷையை வேக வெக்கறேளே, நாளைக்கு எதுல இட்லி வார்க்கறது?" என்று கேட்டாள். தனிக் கொப்பரை வாங்கிவிட்டேன். இப்போது அவளே வந்து, "இன்னிக்கு எத்தனை வெந்தது?" என்று விசாரிக்கிறாள்.

ஒன்று சொல்ல வேண்டும். தாங்கள் ஒரே சொல்லுக்கு 1943, 1947, 1952 என்று தேதி போட்டு மூன்று முறை அடித்துத் திருத்தியிருப்பதைப் பார்க்கிறேன். சில துண்டுகளின் அடியில் ஒரே லத்தீன் சொல் வருகிறது. எங்கள் லத்தீன் ஆசிரியை பேட்ரிசியாவிடம் காட்டினேன். "தெரியவில்லை" என்று எழுதியிருப்பதாகச் சொன்னார். எண்ணிப் பார்த்தேன், 214 இடங்களில் இருக்கிறது. மதநூல்களுக்கு உரை எழுதியவர்களை நிறையப் படித்திருக்கிறேன். தெரியவில்லை என்று எழுதியவரை இதுவரை பார்த்ததில்லை.

வேகத்தைக் கூட்டுகிறேன். கண் எப்படி இருக்கிறது?

எஸ். ரங்கநாயகி


சேசு மரி சூசை
ஜீயபுரம்,
20-8-1958

அம்மா,

கையெழுத்து மாறியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். இது எங்கள் பள்ளிக்கூட ஆசிரியர் பிலோமின்ராஜ் எழுதுவது. ஈஸ்டருக்குப் பிறகு வெளிச்சம் மட்டும் தெரிந்தது. போன மாதத்திலிருந்து அதுவும் இல்லை. உங்கள் கடிதங்களை அவர்தான் வாசித்துக் காட்டுகிறார். எல்லாத் துண்டுகளும் பிரிந்துவிட்டன, இழந்தது மொத்தம் 116 என்று எழுதியிருந்தீர்கள். உங்கள் கடனைத் தீர்த்துவிட்டீர்கள்.

அவற்றைக் குருமடத்து நூலகத்துக்கு அனுப்பிவிடுங்கள். இங்கே இருக்கிற மூன்று டின்னையும் நான் அனுப்பிவிடுகிறேன். கிரேக்கமும் லத்தீனும் தெரிந்தவன் ஒருவன் என்றைக்காவது வந்து தமிழ் போடட்டும். என்னால் ஆகாது. எழுதியதைப் பார்க்க முடியாதவன் சொல்லுக்குச் சொல் வைப்பது சரியல்ல. சர்வேசுரன் அவ்வளவுதான் கேட்டார் என்று எடுத்துக்கொள்கிறேன்.

உங்களுக்கு என் நன்றி.

அற்புதசாமி

டீச்சரம்மாவுக்கு, நான் பிலோமின்ராஜ். சுவாமி சொன்னதை அப்படியே எழுதிவிட்டேன். சொல்லாததை அவருக்குத் தெரியாமல் எழுதுகிறேன். தினமும் காலையில் கோவில் முற்றத்தில் டின்னை மடியில் வைத்துக்கொண்டு உட்காருகிறார். ஒரு துண்டை எடுத்து நீட்டி, "இது என்ன சொல்லு, வாத்தியாரே?" என்கிறார். எனக்கு என்ன தெரியும்? "மொதல்ல கொக்கி மாதிரி ஒண்ணுங்க, அப்புறம் வட்டம், அப்புறம் ரெண்டு கால்" என்று சொல்வேன். பாதி நேரம் அதைக் கேட்டே சொல்லைக் கண்டுபிடித்துவிடுகிறார். அது எங்கெங்கே வருகிறது என்று மளமளவென்று ஒப்பிக்கிறார். நான் அடையாளம் தப்பாகச் சொல்லிவிட்டால் அன்றைக்கு முழுக்கச் சாப்பாடு இறங்குவதில்லை. இப்படிப்பட்டவர் ஆகாது என்று சொல்கிறார். தங்களிடம் சொல்லவேண்டும் என்று தோன்றியது.


ஸ்ரீரங்கம்,
30-8-1958

சுவாமி அவர்களுக்கு,

நூலகத்துக்கு அனுப்பமாட்டேன். அங்கே வைத்தால் இன்னும் பத்து ஆண்டு கழித்து என்னைப் போல் ஒருத்தி வருவாள்.

தங்களுக்குக் கண் இல்லை, கிரேக்கம் இருக்கிறது. எனக்குக் கிரேக்கம் இல்லை, எழுத்துக்கூட்டி வாசிக்க வரும். ஓராண்டாக ஒவ்வொரு துண்டையும் கையில் எடுத்து வரிசைப்படுத்தியதில் வந்த பழக்கம். லத்தீனைப் பேட்ரிசியாவிடம் ஆறு மாதமாகக் கற்கிறேன். தங்களிடம் சொல்லவில்லை. துண்டை நான் வாசிக்கிறேன், தாங்கள் தமிழ் சொல்லுங்கள், எழுதிக்கொள்கிறேன். தமிழ் பொருந்தவில்லை என்று எனக்குத் தோன்றினால் சொல்வேன். கேட்கிறவருக்கு விளங்காத தமிழைப் போட்டுவிட்டு, கிரேக்கத்தில் அப்படித்தான் என்று தாங்கள் தப்பித்துக்கொள்ள முடியாது.

கரைந்துபோன 116இல் எவையெவை என்று நான் கண்டுபிடிக்க வழியில்லை. வரிசையாக வாசித்துக்கொண்டு போகும்போது எது விடுபட்டது என்று தாங்கள் சொன்னால்தான் உண்டு. அதை வேறு எவரும் செய்ய முடியாது.

வரும் சனிக்கிழமை, செப்டம்பர் 6, காலைப் பாசஞ்சரில் கோட்டை ஸ்டேஷனிலிருந்து வருகிறேன். நாற்பத்தெட்டு வயதானாலும் ஊர் பேசும் என்று தம்பி சொல்கிறான். கோவில் முற்றத்தில் எல்லோர் கண்ணிலும் படும்படி இரண்டு நாற்காலியும் ஒரு மேசையும் போடச் சொல்லுங்கள். பிலோமின்ராஜ் அவர்களும் உடன் இருக்கட்டும். எனக்குச் சாப்பாடு வேண்டாம், கொண்டுவருவேன். ஆசாரம் காரணமல்ல, வயிறுதான் காரணம்.

வரவேண்டாம் என்று எழுத நினைத்தால், அந்தக் கடிதம் சனிக்கிழமைக்குள் எனக்குக் கிடைக்காது. தபாலின் வேகம் தெரிந்துதான் தேதியை வைத்தேன்.

எஸ். ரங்கநாயகி


சேசு மரி சூசை
ஜீயபுரம்,
8-9-1958

அம்மா,

சனிக்கிழமை நீங்கள் போன பிறகு பிலோமின்ராஜ், "கோவில் இப்பத்தாங்க சாமி அமைதியா இருக்கு" என்றார். மூன்று மணி நேரம் சண்டை போட்டிருக்கிறோம். நீங்கள் கிரேக்கத்தை ரயில்வே அட்டவணை வாசிப்பது போல் வாசிக்கிறீர்கள். ஆனால் ஓர் எழுத்தையும் விடவில்லை.

பதினொரு சொல் முடிந்தது.

இதை உங்களிடம் மறைப்பது நியாயம் இல்லை. பிலோமின்ராஜைக் கணக்குப் போடச் சொன்னேன். ஐயாயிரத்து நானூறு சொல், வாரத்துக்குப் பதினொன்று. ஒன்பதரை வருஷம் ஆகும். எனக்கு அடுத்த மாதம் அறுபத்து மூன்று முடிகிறது. ஒரு சனிக்கிழமை ஆர்வத்தில் வருவது வேறு, நானூற்றுத் தொண்ணூறு சனிக்கிழமை வருவது வேறு. உங்களுக்கு வேலை இருக்கிறது, குடும்பம் இருக்கிறது. இந்தக் கணக்கைப் பார்த்துவிட்டு நீங்கள் நிறுத்திக்கொண்டால் நான் ஒரு வார்த்தை சொல்லமாட்டேன்.

நான் நிறுத்தப்போவதில்லை. நீங்கள் வராவிட்டால் பிலோமின்ராஜுக்கு எழுத்து சொல்லிக்கொடுப்பேன். இதைக் கேட்டதும் எழுதிக்கொண்டிருந்த கையை நிறுத்திவிட்டு, "சாமி, எனக்கா?" என்கிறார். அவருக்கும் கணக்கு விளங்கியிருக்கிறது.

அற்புதசாமி


ஸ்ரீரங்கம்,
12-9-1958

சுவாமி அவர்களுக்கு,

கணக்கைச் சரிபார்த்தேன். சரிதான்.

புதன்கிழமை பிற்பகல் எனக்கு வகுப்பு இல்லை. மத்தியானம் ஜீயபுரத்துக்கு பஸ் இருக்கிறது, ஆறு மணிக்குத் திரும்புவதற்கும் ஒன்று இருக்கிறது. விசாரித்துவிட்டேன். புதனும் சனியுமாக வந்தால் வாரத்துக்கு இருபத்திரண்டு சொல். நாலே முக்கால் ஆண்டு.

சனிக்கிழமை பத்தாவதாக எடுத்த சொல்லுக்குத் தாங்கள் சொன்ன தமிழ் எனக்கு இன்னும் ஒப்பவில்லை. அதை மறுபடியும் எடுக்க வேண்டும். ஆகவே வருகிற வாரம் இருபத்தொன்று.

எஸ். ரங்கநாயகி